போர்ச் செலவு பில் யார் பேருக்கு? ஜே.சி. குமரப்பா என்ற ஆடிட்டரின் கதை

ஃபைனல் இயர் வந்துட்டா ரெண்டு பேச்சுதான். ஒண்ணு பிளேஸ்மென்ட். இன்னொண்ணு, இன்னும் வராத சம்பளத்தை எதுல போடலாம்ங்கிற பேச்சு. இப்போ ஹாஸ்டல்லயும் பஸ்லயும் அதிகம் அடிபடற பேரு டிஃபென்ஸ் ஃபண்ட். 2023-ல் இந்தியாவில் முதன்முதலாக ராணுவத் தளவாட நிறுவனங்களுக்கு மட்டுமான மியூச்சுவல் ஃபண்ட் ஒன்று வந்தது. அடுத்த வருஷமே இன்டெக்ஸ் ஃபண்டும் வந்துவிட்டது. மாசம் ஐநூறு ரூபாய் இருந்தா போதும், பீரங்கியிலும் போர்க்கப்பலிலும் நமக்கும் ஒரு துளி பங்கு.

இது சரியா தப்பான்னு நம்ம பசங்க சண்டை போடுறதைப் பார்த்திருப்பீங்க. ஒருத்தன் நாட்டுப்பற்றுன்னு சொல்லுவான். ஒருத்தி ரத்தக் காசுன்னு சொல்லுவா. மூணாவது ஆள் ரிட்டர்ன்ஸ் எவ்ளோன்னு மட்டும் கேப்பான். இந்தச் சண்டையில உண்மையிலேயே உபயோகப்படுற ஒருத்தரை உங்களுக்கு அறிமுகம் செய்யத்தான் இந்தக் கட்டுரை. அவர் சாமியாரும் இல்லை, அரசியல் மேடைப் பேச்சாளரும் இல்லை. லண்டனில் படித்த ஒரு ஆடிட்டர். தஞ்சாவூர்க்காரர்.

ஆடிட்டர்னு சொன்னதும் தூக்கம் வருதா? கொஞ்சம் இருங்க.

ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ் 1892 ஜனவரி 4-ல் தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். சென்னையில் டவ்டன் பள்ளியில் படிப்பு. வீட்டில் வெள்ளைக்காரப் பழக்கவழக்கம், பேச்சு முழுக்க இங்கிலீஷ். நம்மில் பல பேர் மாதிரியே தமிழில் யோசிப்பதைப் பிற்பாடுதான் கற்றுக்கொண்ட ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போருக்கு முன்பே லண்டன் போய், கணக்காளர் பயிற்சி முடித்து, அங்கேயே வேலைக்கும் சேர்ந்தார்.

அவர் லண்டனில் இருந்தபோதுதான் போர் வெடித்தது. போர் ஆரம்பித்து இரண்டே மாதத்தில், 1914 செப்டம்பர் 22 ராத்திரி, எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் நம்ம சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று குண்டு போட்டது. குறி வைத்தது எதை தெரியுமா? பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை. ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டே ஓடினார்கள். கெட்டிக்காரத்தனமா தப்பிக்கிற ஆளை இன்னைக்கும் நம்ம தாத்தாக்கள் எம்டன்னு சொல்றது அதிலிருந்து வந்ததுதான். போரும் எண்ணெயும் ஒட்டிப் பிறந்தவை என்று பின்னாளில் எழுதப் போகிற ஒருவர், தன் மாகாணத் தலைநகரில் எண்ணெய்த் தொட்டி எரிந்தபோது லண்டனில் கணக்குப் பேரேடு சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா எஸ்தர் வற்புறுத்திக் கூப்பிட்டதால் 1919-ல் ஊர் திரும்பினார். பம்பாயில் கொஞ்ச காலம் வேலை, பிறகு சொந்தமாகத் தணிக்கை நிறுவனம். சூட்டு, கோட்டு, கைத்தடி, நல்ல வருமானம். இந்த வாழ்க்கை இப்படியே போயிருந்தால் நாம அவரைப் பற்றிப் பேசவே தேவையிருக்காது.

1927-ல் அமெரிக்கா போனார். சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன் பட்டம், அதன் பிறகு நியூயார்க்கின் கொலம்பியாவில் எம்.ஏ. அங்கே ஒரு தேவாலயத்தில் இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று பேசினார். அந்தச் செய்தி பேப்பரில் வர, அவருடைய பேராசிரியர் எட்வின் செலிக்மன் கண்ணில் பட்டது. பொது நிதித் துறையில் அன்றைக்கு உலக அளவில் பெரிய பெயர் அவர். ஆய்வுக் கட்டுரையை இதிலேயே எழுதச் சொல்லிவிட்டார்.

இங்கதான் கதை திரும்புது. அதுவரை குமரப்பாவுக்குப் பிரிட்டிஷ் ஆட்சி மேல் பெரிய வருத்தம் எதுவும் கிடையாது. இந்திய அரசின் வரவு செலவைத் தணிக்கை செய்பவர் போல வரி வரியாகப் படித்தபோதுதான் உறைத்தது. வரி கட்டுபவன் உழவன். அந்தப் பணத்தின் பெரும்பங்கு ராணுவத்துக்கும், கடனுக்கான வட்டிக்கும், அதிகாரிகளின் சம்பளத்துக்கும், ஓய்வூதியத்துக்கும் போகிறது. பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் பாசனத்துக்கும் மிஞ்சுவது சொற்பம். யாரும் அவரிடம் கோஷம் போட்டு மனசை மாற்றவில்லை. பேலன்ஸ் ஷீட் மாற்றியது.

1929-ல் ஊருக்குத் திரும்பி, அந்த ஆய்வை எடுத்துக்கொண்டு சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். மே 9-ஆம் தேதி. பட்டு சூட்டில் போயிருந்தவர், மரத்தடியில் சாணம் மெழுகிய தரையில் ஒரு கிழவர் ராட்டை சுற்றுவதைப் பார்த்து, நேரம் ஆகட்டும் என்று கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். சில நிமிஷம் கழித்து அந்தக் கிழவரே பேர் சொல்லி விசாரித்த பிறகுதான், நிற்பது காந்தி முன்னால் என்று புரிந்தது. சூட்டைப் பற்றிக் கவலைப்படாமல் தரையில் உட்கார்ந்தார். ஆய்வு யங் இந்தியா இதழில் தொடராக வந்தது. கார்னீலியஸ் என்ற குடும்பப் பெயர் போய், குமரப்பா என்ற பழைய பெயர் வந்ததும் அந்தக் காலத்தில்தான். கையோடு அவரை குஜராத்தில் மாதர் தாலுகா கிராமங்களைக் கணக்கெடுக்க அனுப்பினார் காந்தி. வீடு வீடாகப் போய் வருமானம், கடன், மாடு, நிலம் என்று எல்லாவற்றையும் எழுதி எடுத்தார், வித்யாபீட மாணவர்களைக் கூட்டிக்கொண்டு. நம்ம என்.எஸ்.எஸ். கேம்ப் மாதிரி மூணு நாள்ல போட்டோ எடுத்து முடிச்ச வேலை இல்லை அது.

இப்போ டிஃபென்ஸ் ஃபண்ட் சண்டைக்கு நேராகச் சம்பந்தப்பட்ட இடத்துக்கு வருவோம். 1931.

கராச்சி காங்கிரஸ் ஒரு குழு போட்டது. பிரிட்டனுக்கும் இந்தியாவுக்கும் இடையில் யார் யாருக்கு எவ்வளவு கடன் என்று பார்க்க வேண்டும். இந்தியாவின் பொதுக்கடன் என்று பிரிட்டன் காட்டுகிற தொகை முழுவதும் உண்மையிலேயே இந்தியாவின் கடன்தானா? இதுதான் கேள்வி. குழுவில் வக்கீல்கள் இருந்தார்கள், பொருளாதார அறிஞர் கே.டி. ஷா இருந்தார். அமைப்பாளர் குமரப்பா.

அவர்கள் திறந்து பார்த்த பேரேட்டில் என்னென்ன இருந்தது பாருங்க. ஆப்கானிஸ்தான் மேல் படையெடுத்த செலவு. பர்மாவைப் பிடித்த செலவு. 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவு, ஏறக்குறைய 4 கோடி பவுண்டு, அடக்கப்பட்டவர்களின் கணக்கிலேயே எழுதப்பட்டிருந்தது. முதல் உலகப் போருக்கு இந்தியா தானாக முன்வந்து கொடுத்த பரிசு என்ற பெயரில் 10 கோடி பவுண்டு. அன்றைய இந்திய அரசின் ஒரு வருஷ வருமானத்துக்கு நெருக்கமான தொகை அது. பரிசு கொடுத்தவர்களிடம் யாரும் கேட்கவே இல்லை என்பதுதான் அந்தப் பரிசின் விசேஷம்.

இன்னொன்றும் இருந்தது. எனக்கு இதுதான் ரொம்ப நேரம் மண்டையைக் குடைஞ்சது. 1833-ல் கிழக்கிந்தியக் கம்பெனி வியாபாரத்தை நிறுத்தியபோது, அதன் பங்குதாரர்களுக்கு வருஷம் பத்தரை சதவீதம் டிவிடெண்ட் உறுதி என்று பிரிட்டிஷ் பார்லிமென்ட் சட்டம் போட்டது. வியாபாரமே இல்லாத கம்பெனிக்கு டிவிடெண்ட் எங்கிருந்து வரும்? இந்தியர்கள் கட்டுகிற வரியிலிருந்து. நாற்பது வருஷம் அது ஓடியது. கடைசியில் அந்தப் பங்குகளை நூறுக்கு இருநூறு என்று திருப்பி வாங்கிய பணமும் இங்கிருந்துதான் போனது. கற்பனை பண்ணிப் பாருங்க: லண்டனில் ஒரு கைம்பெண், ஒரு பாதிரியார், ஒரு ரிட்டயர்டு வாத்தியார். யாரையும் சுட்டதில்லை, யாரிடமும் வரி பிடுங்கியதில்லை. வருஷா வருஷம் டிவிடெண்ட் வாங்கி, வீட்டு வாடகை கட்டி, ஞாயிற்றுக்கிழமை ஏழைகளுக்குக் காணிக்கையும் போட்டிருப்பார்கள். அந்தப் பணத்தை உருவாக்கிய படையெடுப்பு அவர்கள் கண்ணிலேயே பட்டிருக்காது. மாசம் ஐநூறு ரூபாய் எஸ்.ஐ.பி. போடுகிற நமக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசிச்சா, எனக்கு உடனே பதில் வரலை.

குழு சொன்ன தீர்ப்பு கணக்காளர் தீர்ப்பு. போர் நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்கே போகவில்லை. யார் முடிவு எடுத்தார்கள், யாருக்கு லாபம் போனது, அவர்கள் பேருக்கு பில் போடு. அவ்வளவுதான். இந்தியாவின் பாதுகாப்புக்கு என்று செய்யாத செலவை இந்தியா ஏற்க முடியாது என்பது வாதம். பிரிட்டன் ஒத்துக்கொள்ளவில்லை என்பதைச் சொல்லவே தேவையில்லை. ஆனால் ஒரு பேரரசையே ஆடிட் பண்ணி ஆட்சேபம் எழுதிய ஆவணம் என்ற வகையில் அந்த அறிக்கை மாதிரி இன்னொன்று எனக்குத் தெரிந்து இல்லை.

இவர் மத்தவங்க கணக்கை மட்டும்தான் குடைவாரா என்று கேட்டால், இல்லை. 1934 ஜனவரியில் பீகாரில் பூகம்பம் வந்தது. நாடு முழுக்க இருந்து நிவாரணப் பணம் குவிந்தது. அந்தக் கணக்கைப் பார்க்க குமரப்பாவைப் போட்டார்கள். தொண்டர்களுக்குச் சாப்பாட்டுக்கு நாளைக்கு மூணு அணா என்று கட்டுப்படுத்தினார். காந்தி தன் குழுவோடு பாட்னா வந்தபோது, அவர்கள் சாப்பாட்டுச் செலவையும் காரின் பெட்ரோல் செலவையும் நிவாரண நிதியில் எழுத முடியாது, வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். தலைவருக்கும் அதே ரூல். காந்தியும் முறைத்துக்கொள்ளவில்லை, ஏற்றுக்கொண்டார். பூகம்பத்தில் வீடு இழந்தவனுக்குப் போக வேண்டிய பணம் அது. கொடுத்தவன் எதற்குக் கொடுத்தானோ அதற்கு மட்டும்தான் போக வேண்டும்.

அதே ஆண்டின் கடைசியில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கியது. வார்தாவில் மகன்வாடி என்ற இடம். எண்ணெய்ச் செக்கு, கையால் செய்யும் காகிதம், தேனீ வளர்ப்பு, பனைவெல்லம், மண்பாண்டம் என்று கிராமத் தொழில்களைச் சீர்படுத்துகிற வேலை. மெக்கானிக்கல் பசங்க கவனிங்க, குமரப்பா இயந்திரத்துக்கு எதிரி இல்லை. ஒரு கருவி யாருடைய வேலையை எடுத்துக்கொள்கிறது, எந்த மூலப்பொருளைத் தின்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்.

இந்தக் காலத்தில்தான் அவருடைய முக்கியமான யோசனை உருவானது. ஒரு பொருளை நாம வாங்கும்போது அதன் விலையை மட்டும் கொடுத்து விலகிவிட முடியாது. அதைச் செய்தவனுக்கு நடந்தது, அதன் மூலப்பொருள் வந்த வழி, எல்லாமே அந்தப் பொருளுக்குள் ஒட்டியிருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் கட்டாய வேலை வாங்கி விளைந்த கோகோவை ஒருவர் நிம்மதியாகக் குடித்தால், அந்தக் கட்டாயத்துக்கு அவரும் பங்காளி. திருட்டு நகை என்று தெரிந்து வாங்கினவனைச் சட்டம் விடுவதில்லை. சந்தையில் மட்டும் ஏன் விடுகிறது? அவர் கேட்டது சுருக்கமாக இதுதான். தொலைவில் இருக்கிற தொழிற்சாலையில் நடப்பதைத் தெரிந்துகொள்ளவே முடியாது என்றால், தெரிந்துகொள்ள முடிகிற தூரத்திலிருந்து வாங்கு என்பது அவர் பதில். உள்ளூர்ப் பொருள் மேல் அவருக்கு இருந்த பிடிவாதத்துக்குக் காரணம் ஊர்ப் பாசம் இல்லைங்க. தணிக்கை செய்ய வசதி.

இதை நான் படிச்சது சாத்தாங்காட்டில், எங்க வீட்டு மாடியில். கீழே பாத்தா இரும்பு மார்க்கெட். ட்ரெய்லர்ல காயில் வரும், பிளேட் வரும், ஆங்கிள் வரும், எடை மேடையில ஏறி இறங்கி போயிட்டே இருக்கும். ஒரு பிளேட் பாலத்துக்குப் போகுதா, பாய்லருக்குப் போகுதா, டாங்குக்குப் போகுதான்னு ஏத்தி இறக்குற அண்ணனுக்குத் தெரியாது. கடைக்காரருக்கும் பாதி நேரம் தெரியாது. தெற்கே ராயபுரம், வடக்கே எண்ணூரைத் தாண்டிப் போனா காட்டுப்பள்ளி. அங்கே கப்பல் கட்டும் தளத்தில் கடலோரக் காவல் படைக்கு ரோந்துக் கப்பல் கட்டுறாங்க. 2022-ல் அமெரிக்கக் கடற்படையின் சரக்குக் கப்பல் ஒன்று பழுது பார்க்க அங்கேதான் வந்தது. நம்ம சீனியர்ஸ் சிலருக்கு அந்தப் பக்கம்தான் வேலை. ஆக வடசென்னைக்காரனுக்கு டிஃபென்ஸ் என்பது டிவியில் வர்ற விஷயம் இல்லை, காலை ஷிப்ட். புயல்ல மாட்டின மீனவரைத் தேடிப் போறதும் அதே ரோந்துக் கப்பல்தான். குமரப்பாவைப் படிக்கும்போது இது குறுக்கே வந்துகிட்டே இருந்தது.

சரி, 1942-க்குப் போவோம். இரண்டாம் உலகப் போர். இந்தியாவைக் கேட்காமலேயே இந்தியாவும் போரில் இருப்பதாக வைஸ்ராய் அறிவித்துவிட்டார். படைக்குத் துணி, தோல், சணல் சாக்கு, தானியம், மரம் எல்லாம் இங்கிருந்துதான். இதற்குப் பிரிட்டன் எப்படிக் காசு கொடுத்தது என்பதுதான் மேட்டர்.

பொறுமையா பாருங்க, எக்ஸாமுக்கு வராது, ஆனா வாழ்க்கைக்கு வரும். பிரிட்டன் தங்கம் அனுப்பவில்லை, பண்டமும் அனுப்பவில்லை. லண்டனில் ரிசர்வ் வங்கியின் கணக்கில் இத்தனை பவுண்டு வரவு என்று ஒரு வரி எழுதியது. போர் முடியும் வரை அதைத் தொட முடியாது. அந்த வரியை ஈடாக வைத்து ரிசர்வ் வங்கி இங்கே ரூபாய் நோட்டு அச்சடித்தது. அந்த நோட்டைக் கொடுத்து அரசு ஏஜென்ட்டுகள் உழவனிடம் நெல்லும் கோதுமையும் வாங்கினார்கள். சரக்கு கப்பல் ஏறிப் போய்விட்டது. நோட்டு மட்டும் இங்கேயே நின்றது. பொருள் குறைவு, காசு அதிகம். விலை ஏறாமல் என்ன செய்யும்? போர்க் காலத்தில் புழக்கத்தில் இருந்த நோட்டு ஆறு மடங்குக்கு மேல் பெருகியது. சம்பளம் ஆறு மடங்கு பெருகவில்லை. ஒரு சட்டமும் போடாமல், ஒரு வரியும் விதிக்காமல், அரிசி வாங்குகிற ஒவ்வொருவரிடமிருந்தும் போர்ச் செலவு பிடிக்கப்பட்டது.

இதை அப்படியே தன் பத்திரிகையில் எழுதினார் குமரப்பா. தலைப்பு, அப்பத்துக்குப் பதில் கல். பிள்ளை அப்பம் கேட்டால் எந்த அப்பனும் கல்லைக் கொடுப்பானா என்று இயேசு கேட்பதாக வருகிற பைபிள் பகுதியிலிருந்து எடுத்த தலைப்பு. உழவன் கொடுத்தது தானியம், அவன் கையில் வந்தது காகிதம். பிரிட்டிஷ் அரசுக்கு இது பொறுக்கவில்லை. குண்டு வைக்கிறவனைவிட, குண்டுக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று விளக்குகிறவன் ஆபத்தானவன் போல. அவரைச் சிறைக்கு அனுப்பிய காரணங்களில் இந்தக் கட்டுரையும் ஒன்று.

கட்டுரை வந்த மறு ஆண்டு வங்காளப் பஞ்சம். இறந்தவர்கள் 30 லட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். பஞ்சத்துக்குப் பல காரணங்கள் உண்டு. பர்மாவை ஜப்பான் பிடித்ததால் அரிசி நின்றது, படகுகளை அரசே பறித்தது, புயல் அடித்தது. ஆனால் பொருளாதார அறிஞர்கள் திரும்பத் திரும்பச் சுட்டுகிற காரணங்களில் போர்க் கால விலையேற்றம் முதல் வரிசையில் இருக்கிறது. அரிசி இருந்த இடத்திலும் வாங்கக் காசு இல்லாமல் செத்தார்கள்.

போர் முடிந்தபோது லண்டன் கணக்கில் இந்தியாவுக்கு வர வேண்டிய பாக்கி சுமார் 130 கோடி பவுண்டு. சுதந்திரத்துக்குப் பிறகு அது தவணை தவணையாக வந்தது. அதிலும் ஒரு பகுதி, படை இங்கே விட்டுவிட்டுப் போன ராணுவச் சரக்குக்கு விலை என்றும், பிரிட்டிஷ் அதிகாரிகளின் பென்ஷன் என்றும் கழிக்கப்பட்டது. நாட்டின் கணக்கு ஒருவகையில் நேராகிவிட்டது என்று சொல்லலாம். 1943-ல் கல்கத்தா பிளாட்பாரத்தில் விழுந்தவர்களின் கணக்கு எந்தத் தவணையிலும் வரவில்லை.

ஜபல்பூர் சிறையில் உடம்பு கெட்டது. ஆனாலும் இரண்டு புத்தகம் எழுதினார். ஒன்று இயேசுவின் போதனை பற்றி. இன்னொன்று நிலைத்த பொருளாதாரம் பற்றி, எக்கானமி ஆஃப் பெர்மனன்ஸ் என்ற பெயரில். முதலாவதற்கு இறையியல் டாக்டர் என்றும், இரண்டாவதற்குக் கிராமத் தொழில் டாக்டர் என்றும் காந்தி வேடிக்கையாக இரண்டு பட்டம் கொடுத்தார். எந்தப் பல்கலைக்கழகமும் கொடுக்காத பி.எச்டி.

அந்த இரண்டாவது புத்தகத்தில் பொருளாதாரத்தை இயற்கையிலிருந்து வகை பிரிக்கிறார். ஆட்டைக் கொன்று தின்னும் புலி ஒரு வகை. தான் வளர்க்காத தோப்பில் மாம்பழம் பறிக்கும் குரங்கு இன்னொரு வகை. தன் கூட்டைத் தானே கட்டும் பறவை, கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீ, பதில் எதிர்பார்க்காமல் குஞ்சுக்கு ஊட்டும் தாய் என்று மேலே மேலே போகிறது. இதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொரு பிரிவு. நிலக்கரி, பெட்ரோல், இரும்புத் தாது எல்லாம் தொட்டித் தண்ணீர் மாதிரி. எடுக்க எடுக்கக் குறையும். காற்று, வெயில், ஓடும் நீர், வருஷா வருஷம் வளரும் மரம், பயிர் எல்லாம் ஆத்துத் தண்ணி மாதிரி. தொட்டியை நம்பி வாழ்கிற நாடு, தொட்டி குறையக் குறைய அடுத்தவன் தொட்டியைப் பார்க்கும். காவலுக்குப் படை வைக்கும். அப்புறம் போர். அவர் கணக்கில் ராணுவச் செலவு என்பது தனித் துறை இல்லை. பெட்ரோல் விலையில் எழுதாமல் விட்ட பாக்கி அது. பெட்ரோலை மலிவு என்று சொல்கிறவர், அதைக் காக்கும் கப்பற்படைச் செலவை வேறு பேரேட்டில் ஒளித்து வைத்திருக்கிறார்.

மணலி ரிஃபைனரி சிம்னியை தினம் பார்க்கிற எனக்கு இந்த வாதம் உள்ளே போச்சு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் கொசஸ்தலை ஆற்றில் இறங்கி எண்ணூர் கழிமுகத்தில் படிந்தபோது, வாளியும் முறமும் வைத்து அள்ளினது மீனவர்கள்தான். அந்தக் கூலி எந்த லிட்டர் விலையிலும் சேர்ந்திருக்காது.

வெளிநாட்டில் இந்தக் கேள்வியை மற்றவர்களும் வேறு வேறு வழியில் கேட்டிருக்கிறார்கள். வியட்நாம் போர் நடந்தபோது, 1971-ல், ஆயுதக் கம்பெனியில் போடாத ஒரு ஃபண்டை அமெரிக்காவில் மெத்தடிஸ்ட் போதகர்கள் ஆரம்பித்தார்கள். நார்வேயின் அரசு நிதியம் அணு ஆயுதப் பாகங்கள் செய்யும் நிறுவனங்களைப் பட்டியல் போட்டு விலக்கியது. 2022-ல் உக்ரைன் மேல் படையெடுப்பு நடந்ததும், ஆயுதம் கூடாது என்றிருந்த சில ஐரோப்பிய ஃபண்டுகள் கதவைத் திறந்தன. தாக்கப்படுகிற நாட்டுக்கு ஆயுதம் கொடுப்பது அறம்தானே என்பது அவர்கள் வாதம். அவ்வளவு எளிதில் தள்ளிவிடவும் முடியாது.

குமரப்பா தள்ளிவிட்டிருப்பார். இங்கதான் நான் அவரோட மல்லுக்கு நிக்கிறேன். சுதந்திரம் வந்த பிறகு அவர் ஆளும் கட்சிக்குச் செல்லப்பிள்ளையாக இருக்கவில்லை. காங்கிரசின் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவராக இருந்து, உழுபவனுக்கு நிலம் என்ற பக்கம் அறிக்கை கொடுத்தார். பெரிய தொழில், பெரிய அணை, பெரிய படை என்று போன நேருவின் வழியை விமர்சித்தார். 1951-ல் சீனா போனார், மறு வருஷம் சோவியத் நாடு. சீனாவில் நிலம் பங்கிட்ட விதமும் கிராமத்து உழைப்பும் அவரைக் கவர்ந்தன, வெளிப்படையாகப் பாராட்டினார். கம்யூனிஸ்ட் ஆகிவிட்டார் என்று சொந்த வட்டாரமே முணுமுணுத்தது. அவர் பாராட்டிய அந்த அரசுதான் 1962-ல் எல்லை தாண்டி வந்தது. அப்போது நம் ஜவான்களிடம் குளிருக்குத் தகுந்த உடுப்பு கூட ஒழுங்காக இல்லை. அந்த ஜவானுக்கு ஒரு நல்ல துப்பாக்கி செய்து கொடுக்கப் போட்ட பணத்தைப் புலி வகையில் சேர்க்க எனக்கு மனசு வரலை. குமரப்பாவின் பேரேட்டில் இதற்கு ஒரு பத்தி காலியாகவே இருக்கிறது.

ஆனா அவருடைய ஆடிட் கேள்விகள் அந்த இடத்திலும் செத்துப் போகவில்லை. ஒரு ஃபண்டின் மாதாந்திர ஃபேக்ட்ஷீட்டை எடுத்துப் பாருங்க. முதல் பத்து கம்பெனி பேர் இருக்கும். யார் என்ன செய்யறாங்கன்னு தேடுங்க. சில பேர் ரேடார், சில பேர் கப்பல், சில பேர் வெடிமருந்து. எந்த நாட்டுக்கு ஏற்றுமதின்னு ஆண்டறிக்கையில் எங்கேயாவது எழுதியிருக்கான்னு பாருங்க. எல்லையைக் காக்கிற துப்பாக்கியும், யாரோ ஒரு ஊரில் யார் மேலேயோ விழப் போகிற குண்டும், அந்த ஒரே என்.ஏ.வி. நம்பருக்குள்ள சேர்ந்து கிடக்கும். பங்கு விலை ஏறுகிற நாட்களைத் தேதியோட குறிச்சு வச்சு, அன்னைக்கு உலகத்துல என்ன நடந்துச்சுன்னும் பாருங்க. போர்ச் செய்தி வந்தா நம்ம போர்ட்ஃபோலியோ பச்சையாகுதுன்னா, மறுநாள் காலையில பேப்பர் படிக்கிற நம்ம மனசு எதை எதிர்பார்க்கப் பழகும்? அந்த லண்டன் கைம்பெண்ணுக்குக் கிடைக்காத தகவல் எல்லாம் நமக்கு போன்லயே கிடைக்குது.

குமரப்பாவின் கடைசி வருஷங்கள் மதுரைப் பக்கம். டி. கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் ஆசிரமம். ரத்த அழுத்தம் அவரைப் படுத்தி எடுத்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொத்து என்று எதுவும் சேர்க்கவில்லை. வரி நிர்வாகமும் தணிக்கையும் தெரிந்த ஒருவர் நினைத்திருந்தால் புது இந்தியாவில் எந்தப் பதவியிலும் உட்கார்ந்திருக்கலாம். குடிசைச் சுவரில் ஒரு ஏழை உழவனின் படம் மாட்டியிருந்தார். வருகிறவர்கள் யார் என்று கேட்டால், தன் குருவுக்கும் குரு என்று காட்டுவாராம். லண்டன், நியூயார்க் எல்லாம் பார்த்தவர் கடைசியில் கணக்கு ஒப்பிக்க வேண்டிய ஆளாகக் கண்டுபிடித்தது அந்த உழவனைத்தான்.

சிகிச்சைக்காகச் சென்னை அரசு பொது மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். 1960 ஜனவரி 30-ல், காந்தி சுடப்பட்ட அதே தேதியில், அங்கேயே இறந்தார். வயது 68. அடுத்த ஆண்டு, நம்ம ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஆவடியில் டாங்க் செய்வதற்கான கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கியது.